புட்டியில் அடைத்த கதை

தமிழ் வாசகர்கள் மிக அதிகமாகப் படித்திருக்கும் கதாசிரியர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் சொல்லக் கூடியவருக்குப் பெயர் கிடையாது. பத்திரிகைகளின் ஓரப் பத்திகளில் மருந்து விளம்பரம் எழுதியவர் அவர். நாவலுக்கும் சிறுகதைக்கும் மதிப்புரைகள் எழுதிக் குவித்திருக்கிறோம். அவர் எழுத்துக்கும் ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது.

தொண்டி, கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் ஊர். இலங்கைக்கோ பர்மாவுக்கோ மலாய்க்கோ ஒருவரையாவது அனுப்பாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. போனவர்கள் திரும்பும்போது பட்டோடும் பெட்டியோடும் பழைய பத்திரிகைக் கட்டுகளையும் கொண்டுவந்தார்கள். பரண்களில் எஞ்சிய அந்தக் கட்டுகளைப் புரட்டினால், தொடர்கதைகளின் அருமை பெருமை கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கிறது. விளம்பரங்கள் மட்டும் நேற்று எழுதினாற்போல் இருக்கின்றன. ரத்த சுத்தி, தாது புஷ்டி, நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, நாள்பட்ட இருமல் எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி.

அந்த எழுத்தின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் நோயின் குறிகள் வரும்: காலையில் எழுந்தால் அசதி, சாப்பிட்டால் மந்தம், மாலையில் காரணமில்லாத கவலை. இவற்றில் ஒன்றுகூட இல்லாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே வாசகன் நாலாவது வரியிலேயே நோயாளியாகிவிடுகிறான். அடுத்தது ஒரு நற்சாட்சிக் கடிதம். எங்கோ தூரத்து ஊரில் ஒருவர், வைத்தியர்கள் எல்லாரும் கைவிட்ட பிறகு, இரண்டாவது புட்டியில் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் வி.பி.பி. விவரம். கூடவே ஓர் உறுதிமொழி: பார்சலின்மேல் மருந்தின் பெயர் இராது.

அந்தக் கடைசி வரியில்தான் ஆசிரியரின் திறமை முழுவதும் இருக்கிறது என்பேன். வாசகனுக்கு நோயைவிட வெட்கம் பெரிது என்று அவருக்குத் தெரியும். ஊரை விட்டு வந்து, பத்துப் பேர் படுக்கும் அறையில் படுத்து, உடம்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க முடியாதவனிடம், பத்திரிகை வழியாக ஒருவர் வந்து தனியே காதோடு பேசுகிறார். நாங்கள் முந்நூறு பக்கத்தில் செய்ய முயல்வதை அவர் மூன்று அங்குலத்தில் செய்துவிடுகிறார். சக எழுத்தாளன் என்ற முறையில் எனக்குப் பொறாமை உண்டு.

இந்தக் கலைக்கு நல்ல விளைநிலம் எது என்று கேட்டால், தங்கம் தோண்டிய ஊர்களைக் காட்டலாம். 1851-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தங்கம் கிடைத்தது. கூட்டம் கூட்டமாக ஆண்கள் போய்க் கூடாரம் அடித்தார்கள். கையில் காசு உண்டு, வீட்டார் இல்லை, நல்ல வைத்தியர் அருமை. ஆனால் பத்திரிகை உடனே வந்துவிட்டது. பெண்டிகோ என்ற தங்க ஊரில் 1853-ல் தொடங்கிய பத்திரிகையின் பெயரே ‘பெண்டிகோ அட்வர்டைசர்’. அந்த நாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் லண்டன் ஹாலோவே மாத்திரைக்கு விளம்பரம் வந்தது. அந்த ஹாலோவே சேர்த்த செல்வத்தில் எழுந்த பெண்கள் கல்லூரியை 1886-ல் விக்டோரியா மகாராணியே வந்து திறந்துவைத்தார்.

அதே ஆஸ்திரேலியாவில் 1899-ல் ‘பைல் பீன்ஸ்’ என்ற மாத்திரை கிளம்பியது. சார்லஸ் ஃபோர்டு என்ற விஞ்ஞானி, அந்நாட்டு ஆதிகுடிகளின் ஆரோக்கிய ரகசியத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தது என்று விளம்பரம் சொல்லிற்று. பின்னால் ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது குட்டு வெளிப்பட்டது. அப்படி ஒரு விஞ்ஞானியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. சரக்கு அமெரிக்காவில் செய்து வாங்கியது. நாங்களும் இல்லாத மனிதர்களைப் படைக்கிறோம். ஆனால் அட்டையில் ‘நாவல்’ என்று போட்டுவிடுகிறோம்.

பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் 1909-ல் இத்தகைய ரகசிய மருந்துகளைப் பகுத்துப் பார்த்துப் புத்தகமாகவே போட்டது. பெட்டி ஒன்று ஒரு கினி பெறும் என்று விளம்பரம் செய்த பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், சுக்கு, சோப்பு. விற்ற விலையில் நூற்றெட்டில் ஒரு பங்கே மருந்தின் அடக்கம் என்று கணக்கும் போட்டார்கள். மீதி எதற்கு என்று கேட்க வேண்டாம். வாக்கியத்துக்கு.

இவ்வளவில் நிறுத்தினால் இது வேடிக்கைக் கதை. ஏமாந்தவன் ஏமாந்தான், பேதியானால் வயிறாவது சுத்தமாயிற்று என்று சிரித்துவிடலாம். எனக்குச் சிரிப்பு வராமல் போகும் இடம் ஒன்று உண்டு. அதே பெண்டிகோவில் சுரங்கத் தொழிலாளர்கள் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். வால்டர் சம்மன்ஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1907-ல் அறிக்கை கொடுத்தார். பாறையைத் துளைக்கும்போது எழும் கல்தூசி நுரையீரலில் படிவதுதான் காரணம். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவதும் நல்ல காற்று விடுவதும் அதற்கு வழி. எந்தப் புட்டியிலும் அதற்கு வழி இல்லை.

நம்முடைய தங்கவயல் கோலார். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் ஊன்றியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் போன தமிழர்கள், அதிலும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள், பூமிக்குள் இரண்டு மைல் ஆழம்வரை இறங்கி வெட்டினார்கள். 1940-க்கும் 1946-க்கும் இடையே அங்கே ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கல்தூசி நோய் இருப்பது தெரிந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். நுரையீரலில் படிந்ததை மூட முடியவில்லை.

இப்போது விளம்பரத்தை மறுபடி படியுங்கள். இருமலா? ரத்தம் கெட்டிருக்கிறது. இளைப்பா? வாலிபத்தில் செய்த தவறு. அசதியா? நரம்பு தளர்ந்திருக்கிறது. நோயின் காரணம் ஒருபோதும் உன் தொழிலில் இல்லை, உன் முதலாளியிடம் இல்லை, நீ குடியிருக்கும் லைன் வீட்டில் இல்லை. உன்னிடமேதான் இருக்கிறது. இந்த எழுத்தின்மேல் என்னுடைய பெரிய குற்றச்சாட்டு இதுவே. பொய் மருந்தை விற்றது சின்னக் குற்றம். பொய்க் காரணத்தைக் கற்பித்ததுதான் பெரிய குற்றம். எட்டணாவோடு சேர்த்து ஒரு மனிதனின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மாற்றாக அவனுக்கு வெட்கத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டது.

அதே தமிழர்களிடம் வேறுவிதமாகப் பேசிய பத்திரிகையும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கோலார் மாரிகுப்பத்துத் தொழிலாளர்கள் அதற்குத் துணை நின்றார்கள். 1914-ல் அவர் காலமான பிறகு, 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே அதை மறுபடி நடத்தினார். அயோத்திதாசர் தொழிலால் சித்த வைத்தியர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாட்டு வைத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. கையைப் பிடித்து நாடி பார்க்கும் வைத்தியர் அதே தெருவில் நாளைக்கும் நடந்தாக வேண்டும். தபாற்பெட்டி எண்ணுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. பண்டிதரின் பத்திரிகை வாசகனைப் பார்த்து, உன் தாழ்வுக்குக் காரணம் உன் பிறவியில் இல்லை என்றது. விளம்பரமோ உன் கேட்டுக்குக் காரணம் உன் உடம்பிலேயே இருக்கிறது என்றது. இரண்டும் அச்செழுத்துத்தான்.

பத்திரிகைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. சந்தா பாக்கியை வைத்துக்கொண்டு காகிதம் வாங்க முடியாது. விகடனை வாங்கி வளர்த்த எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவரே. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், அந்தத் தைல லாபத்தில்தான் ‘ஆந்திர பத்திரிகா’வைப் போஷித்து, 1914-ல் சென்னையில் நாளேடாக்கினார். சுதந்திரப் போராட்டத்துக்கு அந்தச் சின்னப் புட்டி செய்த உபகாரம் கொஞ்சமல்ல. ஆனால் அது தலைவலி என்றது, தலைவலிக்கு உதவியது. ஆயுளையும் ஆண்மையையும் சேர்த்து விற்கவில்லை. விளம்பரமே வேண்டாம் என்று ‘யங் இந்தியா’வையும் ‘நவஜீவ’னையும் நடத்திக் காட்டினார் காந்தி. எல்லாரும் காந்தியாக முடியாது. ஆனால் எதை அச்சிடுகிறோம் என்று ஒருமுறை படித்துப் பார்க்கலாம் அல்லவா?

படிக்காததால் சட்டம் வர வேண்டியிருந்தது. 1954-ஆம் வருஷத்துச் சட்டம், இன்ன இன்ன நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரமே செய்யக் கூடாது என்றது. அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. சட்டத்தின் சில பகுதிகளை 1959 டிசம்பரில் நீதிமன்றம் தள்ளியது. ஆனாலும் இப்படிப்பட்ட வியாபார விளம்பரம் பேச்சுரிமையின் காப்புக்குள் வராது என்று தீர்த்துச் சொன்னது. அறுபத்தைந்து வருஷம் கழித்து, 2024-ல், அதே நீதிமன்றத்தின் முன் பதஞ்சலி நிறுவனம் நின்றது. 67 பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டதாகச் சொல்லிற்று. மன்னிப்பும் உங்கள் விளம்பரங்களின் அளவில் இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். நான் படித்த இலக்கிய விமரிசனங்களில் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம். எழுத்தின் பொருள் அதன் அர்த்தத்தில் மட்டும் இல்லை, அது பிடிக்கும் இடத்திலும் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

பெயரில்லாத அந்த ஆசிரியருக்கு என் மதிப்புரை இதுதான்: நடை சுருக்கம், மனித சுபாவ ஞானம் அபாரம், சத்தியம் பூஜ்யம். இருமுகிறவனிடம் “எங்கே வேலை பார்க்கிறாய்?” என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் எங்குமே கேட்கவில்லை. கதை எழுதுகிற நாம் அதையாவது கேட்டு வைப்போம்.