ஒளிப்பதிவும் நிழலும்: சந்தோஷ் சிவனின் படங்களை முன்வைத்து

திரைப்படக் கலைச்சொற்களுள் ‘ஒளிப்பதிவாளர்’ என்பது நன்கு வேரூன்றிவிட்ட ஆக்கமாகும். எனினும் இதிலுள்ள ‘பதிவாளர்’ என்னும் கூறு, உள்ளதை உள்ளவாறு குறித்துவைப்பவர் என்ற பொருளையே முதன்மைப்படுத்துகிறது. மலையாளத்தின் ‘சாயாகிரகணம்’, இந்தியின் ‘சாயாங்கன்’ ஆகிய இரண்டும் நிழலையும் சாயலையும் ஒருங்கே சுட்டும் ‘சாயா’வை அடியாகக் கொண்டவை. தமிழிலும் ‘நிழற்படம்’ உண்டு. திரைக்கலைச் சொல்லில் மட்டும் நிழல் விடுபட்டுள்ளது. நம் திறனாய்விலும் மொழிபெயர்ப்பிலும் இவ்விடுபாடு தென்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சந்தோஷ் சிவன் இம்மூன்று மொழிகளிலும் பணியாற்றியவர். ‘பெருந்தச்சன்’ (1990), ‘தளபதி’ (1991), ‘தில் சே’ (1998) ஆகியவை இதற்குச் சான்று. பிரியதர்ஷன் இயக்கிய ‘காலாபானி’ (1996) அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. அப்படத்தின் களமான அந்தமான் செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுக்கோபுரத்தினின்று ஏழு கிளைகள் பிரிந்தன. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் பின்புறத்தையே நோக்கின. கைதிகள் ஒருவரையொருவர் காணலாகாது என்பதே நோக்கம். இத்தகைய இடத்தைப் படமாக்குவோர்க்கு எதைக் காட்டுவது என்பதினும் எதை இருளில் விடுவது என்பதே முதல் வினா. இது பதிவன்று, தெரிவு.

அப்படம் தமிழில் ‘சிறைச்சாலை’ என்னும் பெயருடன் வெளிவந்தது. கருங்கடலைச் சுட்டிய பெயர் கட்டடத்தைச் சுட்டுவதாயிற்று. பொருள் தெளிவுற்றது; கருமையும் கடலும் மறைந்தன. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையை அன்றாடம் பயன்படுத்தும் தமிழருக்கு இம்மாற்றம் தேவைப்பட்டிராது. தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம் பேசுவோரை இந்தி இணைக்கும் அவ்வூரில் ‘காலாபானி’ தானே விளங்கும் சொல். தமிழகத்துப் பார்வையாளரை மட்டுமே மனத்திற்கொண்ட பெயர்ப்பு இது எனலாம். ‘தில் சே’ தமிழில் ‘உயிரே’ ஆனபோது இத்தகைய இழப்பு நேரவில்லை. ‘இதயத்திலிருந்து’ என்பது விளியாக மாறினும் உணர்ச்சியின் தளம் மாறவில்லை.

சந்தோஷ் சிவன் தாமே இயக்கி ஒளிப்பதிவும் செய்த தமிழ்ப் படமான ‘தி டெரரிஸ்ட்’ (1998) இதற்கு மறுதலையான சான்றாகும். தற்கொலைத் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் ஐயத்தை உரையாடலினும் அண்மைக் காட்சிகளில் அவள் முகமே மிகுதியாக உணர்த்துகிறது. இங்கு முகத்தில் விழும் ஒளியும் நிழலும் வாக்கியத்தின் வேலையைச் செய்கின்றன. ‘ஒளிப்பதிவு அழகு’ என்ற ஒற்றைத் தொடருடன் அமையும் திறனாய்வு இதனைக் காணத் தவறிவிடும்.

‘ஒளிப்பதிவாளர்’ என்னும் வழக்கை மாற்ற வேண்டுவதில்லை. நிலைபெற்ற சொல்லை விலக்குவது எளிதுமன்று. ஆனால் மொழிமாற்றம் செய்வோர் உரையாடலைத் தொடுமுன் படத்தை ஒருமுறை ஒலியின்றிக் காண்பது நலம். காட்சி முன்பே சொல்லிவிட்டதைச் சொல்லால் மூடாமலிருப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையேயாகும்.