முதியவரும் மாணவரே: தீத்து 2:2 பற்றி ஒரு திறனாய்வு

திருச்சபையில் முதியோரைக் குறித்துப் பேசப்படும்போது வழக்கமாக எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகள் மிகச் சிலவே. நரைத்தவர்முன் எழுந்து நிற்கப் பணிக்கும் லேவியராகமக் கட்டளை (19:32) ஒன்று. நரையை மகுடமாகக் காணும் நீதிமொழி (16:31) மற்றொன்று. இவை முதியோருக்குரிய மதிப்பைக் கூறுவன. முதிய ஆண்கள் தாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை நேர்முகமாகக் கூறும் பகுதி தீத்து 2:2 ஆகும்.

ஆயினும் ஆண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும், முதியோருக்கென நடத்தப்பெறும் ஆராதனைகளிலும் இவ்வசனம் கையாளப்படும் முறையை நோக்கின், அதுவும் ஒரு பாராட்டுரையாகவே மாறிவிடக் காண்கிறோம். பிரசங்கியார் அதிலுள்ள ஆறு பண்புகளையும் ஒவ்வொன்றாக விரித்துரைத்து, அவை யாவும் எதிரே வீற்றிருக்கும் பெரியவர்களிடம் நிறைந்துள்ளன என்று கூறி முடிக்கிறார். பெரியவர்களும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். வசனத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது. இவ்வசனம் முதியோருக்கு அளிக்கப்பட்ட நற்சான்று அன்று, அவர்களுக்கு விதிக்கப்பட்ட பாடம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

யார் இந்த முதியவர்?

இங்கு ஆளப்படும் கிரேக்கச் சொல் 'பிரெஸ்புதேஸ்' என்பது. சபையின் மூப்பரைக் குறிக்கும் 'பிரெஸ்புதெரோஸ்' என்னும் சொல்லினின்று இது வேறானது. முன்னையது வயதைக் குறிப்பது. பின்னையது வயதையும் குறிக்கும், பொறுப்பையும் குறிக்கும். தீத்து 1:5 இல் பட்டணந்தோறும் ஏற்படுத்தப்படுவோர் மூப்பர். 2:2 இல் புத்திமதி பெறுவோர் வயது முதிர்ந்த ஆண்கள். நம் தமிழ் வேதாகமம் இவ்வேறுபாட்டைச் செம்மையாகக் காத்துள்ளது. அதனைக் கலைத்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர். சபையில் நாம் வளர்த்துக்கொண்ட வழக்கமே அதனைக் கலைத்தது. வயது முதிர்ந்தவர் எல்லாரும் தம்மை மூப்பர் என எண்ணிக்கொள்ளவும், மூப்பர் எல்லாரும் தம் பொறுப்பை வயதினால் வந்த உரிமை என எண்ணிக்கொள்ளவும் நாம் இடங்கொடுத்துவிட்டோம்.

அடுத்து, இம்முதியவருக்கு வயது என்ன? நாம் பொதுவாகக் கட்டிலில் கிடப்பவரையோ கைத்தடி ஊன்றி நடப்பவரையோ எண்ணிக்கொள்கிறோம். அலெக்சாந்திரியா நகரத்து யூத அறிஞராகிய பிலோ, உலகப் படைப்பைப் பற்றிய தம் நூலில், மருத்துவர் இப்போக்கிராத்தேசின் கூற்றாக மனித வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்துக் காட்டுகிறார். அப்பகுப்பின்படி ஏறத்தாழ ஐம்பதாம் வயதிலிருந்து 56 வயது வரையுள்ளவரே 'பிரெஸ்புதேஸ்'. அதற்கு மேற்பட்டவருக்கு வேறு சொல் உண்டு. எல்லா ஆசிரியரும் இக்கணக்கை வழுவாது கடைப்பிடித்தனர் எனல் இயலாது. எனினும் ஐம்பதைத் தாண்டியவரையும் இச்சொல் தழுவும் என்பது தெளிவு. லேவியர் ஐம்பது வயதில் திருப்பணியின் வேலையைவிட்டு நீங்கவேண்டும் என்னும் எண்ணாகமச் சட்டமும் (8:25) இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஆகவே தீத்து 2:2 பேசுவது வலுவிழந்தவரிடம் மட்டும் அன்று. சேகரக் குழுவிலும், திருமண்டல மன்றத்திலும், பள்ளித் தாளாளர் நாற்காலியிலும் செல்வாக்கின் உச்சியில் அமர்ந்திருப்பவரிடமும் பேசுகிறது. இதனை மறந்தால் வசனம் யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவரே தப்பித்துக்கொள்வார்.

பண்புகள் கூறுவது யாது?

முதற்பண்பைக் குறிக்கும் 'நேபாலியோஸ்' என்பது மதுவற்ற நிலையைக் குறிக்க எழுந்த சொல். கிரேக்கர் சில தெய்வங்களுக்கு மது கலவாது படைத்த படையலும் இச்சொல்லால் வழங்கப்பெற்றது. பின்னர் இது மயக்கம் நீங்கிய விழிப்பு நிலை முழுவதையும் சுட்டலாயிற்று. கிரேத்தாத் தீவின் முதியவருக்கு மதுவின் மயக்கம் உண்மையான ஆபத்தாயிருந்திருக்கலாம். முதிய பெண்டிருக்கும் அடுத்த வசனத்தில் அதே எச்சரிக்கை வருகிறது. ஆனால் மயக்குவது மது ஒன்றுதானா? நெடுநாள் வகித்த பதவியும், பெற்ற மாலைகளும், 'ஐயா சொன்னால் சரி' என்று கேட்டுப் பழகிய செவியும் மதுவினும் மெல்லியதாய், மதுவினும் நீண்ட நாள் மயக்கக்கூடியவை.

இரண்டாவதாகிய 'செம்னோஸ்' பிறர் தாமாகவே மதிக்கும் கண்ணியத்தைக் குறிப்பது. கேட்டுப் பெறும் மரியாதை கண்ணியம் ஆகாது. இப்பண்பைத் தமிழன் அறியாதவன் அல்லன். பிசிராந்தையார், ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் புறநானூற்றுப் பாடலில் (191), தம் ஊரில் வாழும் சான்றோரை இறுதியில் வைத்துக் கூறுகிறார். அச்சான்றோர் கல்வியால் நிறைந்தும் பணிந்தும் அடங்கியும் வாழ்பவர். நிறைவும் அடக்கமும் ஒருங்கே அமைந்த அந்நிலையே 'செம்னோஸ்' என்பதற்கு மிக நெருங்கியது.

மூன்றாவதாகிய 'சோப்ரோன்' தன்னைத் தான் ஆளும் தெளிந்த மனத்தைக் குறிப்பது. இச்சொல்லும் இதன் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவையும் இவ்வதிகாரத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதியவர், இளம்பெண்கள், இளைஞர் ஆகிய அனைவருக்கும் இதுவே கேட்கப்படுகிறது (2:2, 5, 6). இறுதியில் விசுவாசிகள் யாவருக்கும் பொதுவாக்கப்படுகிறது (2:12). இளைஞருக்குக் கூறப்படும் புத்திமதியையே முதியவரும் கேட்கவேண்டியிருக்கிறது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. வயது ஏறியதனால் அடக்கம் தானே வந்து சேர்ந்துவிடுவதில்லை.

இறுதியில் விசுவாசம், அன்பு, பொறுமை என்னும் மூன்றிலும் ஆரோக்கியம் வேண்டப்படுகிறது. உடல் நலிந்துவரும் பருவத்தினரிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவதில் உள்ள நயம் ஒருபுறம் இருக்க, இச்சொல்லின் முன்வரலாறு இன்னும் முக்கியமானது. முதல் அதிகாரத்தில் வழிதவறிய கிரேத்தர் கடுமையாகக் கண்டிக்கப்படவேண்டும் என்றும், அதன் நோக்கம் அவர்கள் விசுவாசத்தில் ஆரோக்கியம் அடைவதே என்றும் கூறப்படுகிறது (1:13). அதே சொல், அதே தொடர்பில் முதியோருக்கும் வருகிறது. நெடுநாள் விசுவாசியாயிருப்பதே விசுவாசத்தில் நலமாயிருப்பதற்குச் சான்று ஆகாது என்று நிருபம் கருதுகிறது.

1 கொரிந்தியர் 13:13 இல் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என நாம் அறிந்த மும்மையில் நம்பிக்கை நின்ற இடத்தில் இங்குப் பொறுமை நிற்கிறது. 'ஹுப்பொமொனே' எனப்படும் இப்பொறுமை, பாரத்தின்கீழ் நிலைத்து நிற்றல். முதியவரிடத்தில் நம்பிக்கை கொள்ளும் வடிவம் இதுவே எனலாம். தாம் நட்ட மரத்தின் கனியைத் தாம் காணமாட்டோம் என்று அறிந்தும் நீர் வார்ப்பவரே நம்பிக்கையுள்ள முதியவர். தம் காலத்திற்குள் எல்லாம் முடிந்துவிடவேண்டும் என்று துடிப்பவரிடமும், தமக்குப்பின் சபை என்னாகுமோ என்று அஞ்சிப் பதவியைப் பற்றிக்கொண்டிருப்பவரிடமும் இப்பொறுமை இல்லை.

கூறப்படாதவை

ஒரு பட்டியலைத் திறனாய்வோர் அதில் இல்லாதவற்றையும் நோக்கவேண்டும். முதிய பெண்டிர் நன்மையைப் போதிப்பவர்களாயிருக்கவேண்டும் என்றும், இளம்பெண்களைப் பயிற்றவேண்டும் என்றும் நிருபம் கூறுகிறது (2:3-4). முதிய ஆண்களுக்கோ இவ்வசனத்தில் போதிக்கும் பணி தரப்படவில்லை. நிருவகிக்கும் பணியும் தரப்படவில்லை. அவர்கள் எவ்வாறு இருக்கவேண்டும் என்பது மட்டுமே கூறப்படுகிறது. நம் சபைகளில் நிலைமை தலைகீழாய் உள்ளது. முதிய ஆண்கள் பேசுகின்றனர். முதிய பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இவ்வதிகாரத்தைக் காட்டிப் பெண்களை அடக்குவோர், இவ்வேறுபாட்டை மட்டும் கண்டுகொள்வதில்லை.

'பிரெஸ்புதேஸ்' என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. தீத்துவை விடுத்து மற்றவை லூக்கா 1:18, பிலேமோன் 9 ஆகியன. லூக்காவில் சகரியா தம் முதுமையைக் காரணம் காட்டித் தேவ வாக்கை ஐயுறுகிறார்; பேச்சிழக்கிறார். குழந்தைக்கு யோவான் என்னும் பெயரை முதலில் உரைப்பவள் எலிசபெத்து. மனைவி உரைத்ததைப் பலகையில் எழுதி உறுதிப்படுத்தியபின்னரே கணவரின் நா அவிழ்கிறது (1:60-64). அனுபவம் விசுவாசத்திற்குத் தடையாகவும் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை. 'நாங்கள் பார்க்காததா?' என்னும் நம் பெரியவர்களின் கேள்வி சகரியாவின் கேள்விக்கு மிக அருகில் நிற்பது.

பிலேமோனுக்கு எழுதும் பவுல், கட்டளையிடத் தமக்கு உரிமை உண்டு என்று கூறிவிட்டு, அவ்வுரிமையை விடுத்து, முதியவனாகவும் கைதியாகவும் மன்றாடுகிறார். இவ்விடத்தில் 'தூதுவன்' எனப் பொருள்கொள்ளவேண்டும் என்று வாதித்த அறிஞர் உண்டு. ஆயினும் கையெழுத்துப் பிரதிகள் தருவது 'முதியவன்' என்னும் சொல்லையே. யாருக்காக மன்றாடுகிறார்? ஓர் அடிமைக்காக. தம் வயதைத் தம் இருக்கையைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தாமல், இருக்கையே இல்லாத ஒருவனுக்கு இடம் கேட்கப் பயன்படுத்துகிறார். நம் ஊர்களில் பெரியவர்களின் சொல் எதற்குப் பயன்பட்டிருக்கிறது என்று எண்ணிப்பார்ப்போமாக. கோயிலில் யார் எங்கு அமர்வது, கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கு அடக்கம் செய்வது என்பவற்றைச் சாதி பார்த்து முடிவுசெய்த பெரியதனமும் கிறிஸ்தவ முதியோரின் பெரியதனமாகவே இருந்தது. ஒநேசிமுக்காக மன்றாடிய முதியவரின் பக்கத்தில் அதனை வைத்துப் பார்க்கும்போது அது நாணத்தக்கது.

எழக்கூடிய தடைகள்

இப்பட்டியல் அக்காலச் சமுதாயத்தின் மனையொழுங்கை அப்படியே வழிமொழிகிறது. இதில் நற்செய்தி எங்கே என்று கேட்பாருண்டு. ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் டிபேலியுசு, ஆயர் நிருபங்களில் உலகோடு ஒத்துப்போகும் நற்குடிமக்களின் கிறிஸ்தவத்தையே கண்டார். அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் 2:9-10 ஐ இன்று நாம் தயக்கமின்றி வாசிக்க இயலாது என்பதும் உண்மையே. ஆனால் இப்பட்டியலுக்கு நிருபம் தரும் அடிப்படையை நோக்கவேண்டும். 'ஏனெனில்' என்னும் பொருளுடைய சொல்லோடு தொடங்கும் 2:11-12, தேவ கிருபை தோன்றி நம்மைப் பயிற்றுகிறது என்கிறது. அங்கு வரும் வினைச்சொல் சிறுவரைக் கல்வியிலும் ஒழுக்கத்திலும் பயிற்றுவதற்குக் கிரேக்கர் வழங்கிய சொல். கிருபை ஆசிரியராய் நிற்க, முதியவர் முதல் அடிமை வரை யாவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். மனையொழுங்கின் படிநிலையை இப்பட்டியல் தகர்க்கவில்லை. எனினும் அதன் உச்சியில் இருந்தவரை மாணவராக்கிவிட்டது. இதுவே இதிலுள்ள நற்செய்தி.

முதியோரை இவ்வாறு ஆராய்வது அவமதிப்பு ஆகாதா என்பது மற்றொரு தடை. ஓய்வூதியம் இன்றியும் பிள்ளைகளின் துணையின்றியும் கோயிலின் கடைசி வரிசையில் தனித்து அமரும் முதியவர் நம் சபைகளில் பலர் உள்ளனர். அவர்களுக்கு வேண்டியது கண்டனம் அன்று, கவனிப்பே. அதிகாரமுள்ள முதியவருக்குச் செவிகொடுத்து, ஆதரவற்ற முதியவரை மறப்பதும் நம் குற்றமே. அதிகாரமுள்ளவரிடம் பேசுகையிலும் கடிந்து தாக்காமல், தந்தையிடம் பேசுவதுபோல் பேசவேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:1 வரம்பிடுகிறது. ஆனால் வரம்பிட்டதே தவிர, வாய்மூடச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் செயலாளராயிருக்கும் சேகரத்திற்குப் புதிதாக வரும் இளம் ஆயர், மரியாதை என்னும் பெயரால் அவருக்குரிய போதனையை மறைப்பாராயின், அவரை மதித்தவர் ஆகார், கைவிட்டவரே ஆவார். ஒரு குடியில் மூத்தவனை விடுத்து அறிவுடையோன் வழியே அரசும் செல்லும் என்று பாடிய பாண்டியன் (புறம் 183), வயதை அவமதித்தான் என்று எவரும் கூறார்.

செய்யத்தக்கன

முதியோருக்கான ஆராதனைகளில் இவ்வசனம் புகழுரையாக அன்றிப் போதனையாக உரைக்கப்படட்டும். இளைஞர் நடத்தும் திருமறை ஆராய்ச்சியில் பெரியவர்கள் தலைமை தாங்குவோராயன்றிக் கேட்போராய் அமரட்டும். முதிய பெண்டிருக்கு நிருபம் அளித்த போதனைப் பணியைச் சபை அவர்களுக்குத் திருப்பித் தரட்டும். பதவியிலிருந்து விலகுவதைத் தோல்வியாகக் கருதும் மனப்பான்மை மாறட்டும். ஐம்பது வயதில் வேலையைவிட்டு நீங்கிய லேவியர், கூடாரத்தை விட்டு நீங்கவில்லை, தம் சகோதரருக்கு உதவியாய்க் காவல் காத்துநின்றனர் (எண். 8:26). விலகியும் உடனிருக்கும் அந்நிலையை ஏற்கத் துணியும் முதியவர்கள் நம் சபைக்குத் தேவை. அத்தகையோரைப் பெற்ற சபையில், எழுந்து நிற்குமாறு இளைஞருக்கு எவரும் கட்டளையிட வேண்டியிராது.