திரையில் பிறழ்மனமும் சட்டத்தின் அளவுகோலும்

திரைப்படத் திறனாய்வுக்கு ஓர் இறையியல் ஏட்டில் இடமேது என வாசகருள் சிலர் வினவக்கூடும். புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எண்ணிப் பார்ப்போமாக. உளநோய்க்கு மருத்துவம் நாடும் குடும்பம் அங்கிருந்து பெரும்பாலும் புதுக்கோட்டைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ பேருந்து ஏறுகின்றது. கொலைவெறி கொண்ட ‘மனநோயாளி’யோ தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றான். மனநோயுற்றோரைப் பற்றி நம் சபையார் கொண்டுள்ள கருத்தில் மருத்துவ நூல்களின் பங்கு சிறிது. திரையின் பங்கு பெரிது. எனவே அத்திரை கூறுவது மெய்தானா என ஆராய்தல் திருப்பணியாளர்க்குப் புறம்பான வேலையன்று.

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) ஆகிய இரண்டும் கலைத்திறத்தில் தேர்ந்த படங்களே. ‘மூடுபனி’யை அதன் ஒளிப்பதிவுக்காகவே மீண்டும் காண்போர் உளர். ஆயினும் இவ்விரண்டும் குற்றத்திற்குக் காணும் வேர் ஒன்றுதான்: இளமையில் பட்ட காயம். ‘மூடுபனி’யில் தாயைத் துன்புறுத்துபவன் தந்தை, அங்கும் மகனின் சினம் விலைமாதர்மீதே பாய்கின்றது. ஆக, நோய்க்குப் பழி ஏற்பவளும் பெண், நோய்க்குப் பலியாகின்றவளும் பெண். உளமருத்துவத்தின் பெயரால் சொல்லப்படும் இக்கதையில் மருத்துவம் சிறிதே. பழைய பெண்பழிப்பு மிகுதி.

இவ்விரு நாயகரும் நம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால் நேர்வது யாது? இங்கிலாந்தில் தலைமை அமைச்சர் இராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற மக்நாட்டன் 1843இல் விடுவிக்கப்பெற்றதன் பின்னர் வகுக்கப்பெற்ற விதிகளே நம் நாட்டுச் சட்டத்திற்கும் அடிப்படையாயின. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக நிற்கின்றது. அது கேட்பது ஒன்றே: செயல் நிகழ்ந்த வேளையில், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்திற்கு மாறானது என்றோ அறியும் ஆற்றல் சித்தசுவாதீனமின்மையால் அவனிடம் இல்லாது போயிற்றா? பிணங்களைத் தோட்டத்தில் புதைத்து அவற்றின்மேல் ரோஜா வளர்ப்பவன், தான் செய்தது தவறென அறிந்தவன். மறைத்தலே அவ்வறிவுக்குச் சான்று. திரை பித்தன் என்றழைப்பவனைச் சட்டம் தெளிந்தவன் என்றே கொள்ளும். படத்தின் இறுதியில், சிறையில் நினைவழிந்து ஒரு பெயரை மட்டும் பற்றிக்கொண்டிருக்கும் மனிதனைக் காண்கின்றோம். படத்திலேயே மிக நேர்மையான காட்சி அதுதான். எனினும் குற்றத்தின்பின் வந்த நோய் குற்றத்தை அழிப்பதன்று, தண்டனையைக் குறைக்கலாம். மரண தண்டனை பெற்றவர்க்குப் பின்னர் உண்டாகும் மனநோய், அத்தண்டனையைக் குறைப்பதற்குரிய காரணமாகும் என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் அளவுகோலும் குறையற்றதன்று. அது அறிவை அளக்கின்றது. உணர்ச்சியின் சிதைவை அளப்பதில்லை. கடுந்துயர் நோயில் ஆழ்ந்து, இவ்வுலகில் வாழ்வதினும் சாவே குழந்தைக்கு நன்மை எனத் துணிந்து, அதனைக் கொன்று தானும் சாக முயலும் தாய், தன் செயல் சட்டத்திற்கு மாறானதென அறிந்தே இருக்கக்கூடும். சிறையில் அவளைச் சந்திக்கும் ஆயர், 84ஆம் பிரிவு எட்டாத இடத்தில் நிற்கின்றார் என்பதை உணரல் வேண்டும்.

ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) மேற்கூறிய இரண்டினும் தீங்கு மிக்கது என்பது எம் கருத்து. அம்பியின் உடலில் பல ஆளுமைகள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று கொலை செய்கின்றது. நீதிமன்றம் அவனை மருத்துவத்திற்கு அனுப்புகின்றது. இரண்டே ஆண்டுகளில் குணமடைந்தவனாக வெளிவருகின்றான். வந்தவன் ஓடும் இரயிலிலிருந்து மீண்டும் ஒருவனைத் தள்ளிக் கொல்கின்றான். அரங்கில் கைதட்டல்! மருத்துவம் பொய், விடுதலை ஏமாற்று, கொலையோ நீதி என மூன்று பாடங்களை அக்காட்சி ஒருங்கே கற்பிக்கின்றது.

அதே 2005ஆம் ஆண்டு ஜூலையில் அசாமில் ஒருவர் விடுதலையானார். 1951இல் கைதாகி, விசாரணையின்றித் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்ற பழங்குடியினர் அவர். 1967இல் மருத்துவர்கள் அவரைத் தகுதியுடையவர் எனச் சான்றளித்தும், வீட்டிற்கன்றிக் குவாஹாட்டிச் சிறைக்கே அனுப்பினர். மொத்தம் 54 ஆண்டுகள். விடுதலைக்குக் கோரப்பட்ட பிணைத்தொகை ஒரு ரூபாய். சித்தசுவாதீனமின்மையால் விடுவிக்கப்பெற்றவரையும் பாதுகாப்பில் வைக்கவோ உறவினர் பொறுப்பில் ஒப்படைக்கவோ சட்டம் இடந்தருகின்றது. உடனே தெருவில் விட்டுவிடுவதன்று. மெய்யான இடர் அவசர விடுதலையில் அன்று, மறதியில்தான் உள்ளது.

உளநோய்க்கும் குற்றத்திற்கும் தொடர்பே இல்லை எனச் சாதிப்பதும் பொருந்தாது. மனச்சிதைவு போன்ற கடுநோய்கள் மருத்துவமின்றி விடப்பட்டு, மதுவோ போதைப் பொருளோ சேருங்கால் வன்செயலுக்கான வாய்ப்பு உயர்கின்றது. ஆயினும் மனநோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுவோராகவே பலர் உள்ளனர். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தீக்கிரையாகி மாண்ட 28 பேர் எக்குற்றத்திற்கும் தண்டிக்கப்பெற்றவரல்லர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாதோர்.

சங்கிலி என்றதும் கல்லறைகளில் உறைந்த அம்மனிதனின் நினைவு வாசகர்க்கு எழும். நற்செய்தியாளரை ஒப்புநோக்கும் மாணவர் இங்குச் சற்று நிற்றல் நலம். மத்தேயு இருவரைக் காட்டி, அவ்வழியே எவரும் செல்லவியலாதபடி அவர்கள் கொடியோராயிருந்தனர் என்கின்றார். மாற்கு காட்டும் ஒருவனோ கற்களால் காயப்படுத்துவது தன்னையே. பிறரைத் தாக்கியதாக அங்கு ஒரு சொல்லும் இல்லை. நம் பிரசங்கங்கள் மாற்குவின் பகுதியை வாசித்துவிட்டு மத்தேயுவின் மனிதனைச் சபையார்முன் நிறுத்துகின்றன. ஊரார்க்கு அச்சம் உண்டானதாக மாற்கு குறிப்பதும், அவன் ஆடையுடுத்துத் தெளிந்த மனத்தோடு அமர்ந்திருந்ததைக் கண்டபோதுதான். அவ்வசனத்தைப் பிரசங்கிப்போர் மிகச் சிலர். பலர் பன்றிக்கூட்டத்தோடு கடலில் இறங்கிவிடுகின்றனர்.