பத்மினியின் மூச்சுக்குழாய்

தாராவியில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி பிரீமியர் பத்மினி காரின் பிரீதரை, அதாவது மூச்சுக்குழாயைக் கழற்றிக் கழுவுவதை நின்று பார்த்தேன். 1089 சிசி எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் புகையும் ஆவியும் வெளியேற இதுதான் வழி. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியே ஆயில் கசியும். மும்பை மழைக்காலம் கழிந்து திறந்தால் மோர்க்குழம்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. அவர் கம்பிவலையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கிறார், அவசரமே இல்லை. படிவு கரைய, கம்பி ஒவ்வொன்றாக மின்னுகிறது. குழாயைத் துடைத்து ஒரு முனையில் ஊதி, மறுமுனையில் உள்ளங்கையை வைக்கிறார். “மூச்சு வருது பாருங்க, சார்.” வந்தது, மண்ணெண்ணெய் வாசத்தோடு. பத்மினி வைத்திருப்பவர்களே, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது இதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.