சிவப்பு மை வரிகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்களிடம் ஆளுக்கொரு பறப்புப் பதிவேடு இருந்தது. தேதி, விமானம், பணி, பறந்த நேரம். இரவுத் தாக்குதல் என்றால் சிவப்பு மை. ‘பெர்லின்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஓர் இரவின் நடுக்கம் முழுவதும் அடங்கிவிடும். இணையத்தில் தனியாளாய் வரலாறு சொல்லும் சிலர், படை ஆவணங்களோடு ஒப்பிட்டு அந்த ஒற்றை வரியை விரித்துக் காட்டுகிறார்கள். என்ன அருமையான உழைப்பு! சுமார் 1,25,000 பேர் பறந்த படை; 55,573 பேர் மாண்டார்கள். திரும்பாதவரின் ஏட்டில் கடைசி வரி வேறொருவர் கையெழுத்தில் இருக்கும். அந்த வரிக்கு வரும்போது பின்னணி இசையைக் கூட்டாத கதைசொல்லியையே நான் நம்புகிறேன். அந்தப் படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் போவார்கள். விமானியோடு நிறுத்திக்கொள்ளாமல், வால் கூண்டில் குளிரில் விறைத்திருந்த துப்பாக்கி வீரர் வரை எல்லோர் பெயரையும் சொல்பவர்களே எனக்கு மிகவும் பிடித்தவர்கள்.