திருப்பிக் கொடுக்க வேண்டிய பயம்

அமெரிக்காவில் இன்று நாற்பதைத் தாண்டி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறவர்களிடம் பால்யத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அநேகர் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்வார்கள். ஒன்று ஹாலோவீன் இரவு. மற்றொன்று வீடியோ காஸட் வாடகைக் கடை. அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் அப்பாவோடு காரில் அந்தக் கடைக்குப் போனது, பேய்ப் படங்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போகாதே என்று அம்மா சொல்லி அனுப்பியது, சொல்லியும் போனது, போய்ப் பெட்டியின் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தூங்காதது என்று கதை நீளும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். இந்தச் சுகத்தை முதலாகப் போட்டு இப்போது ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. சினிமாவும் நாவலும் டெலிவிஷன் தொடரும் அதிலிருந்து பிறந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பார்த்தும் படித்தும் முடித்த பிறகு எனக்கு உண்டான சந்தேகங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடியோ கடையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1980-களில் நம் ஊர்களிலும் காஸட் கடைகள் இருந்தன. ஹாலோவீனைத்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள். அதற்கு முந்தின இரவு ஹாலோவீன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே முள்ளங்கி மாதிரியான ஒரு கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே பெரிய பூசணிக்காய் கிடைத்ததும் அதைக் குடைந்தார்கள். குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மிட்டாய் கேட்கிற வழக்கம், யுத்த காலத்துச் சர்க்கரை ரேஷன் 1947-இல் ஒழிந்த பிறகுதான் நாடெங்கும் வேரூன்றியது. வருஷத்தில் மற்ற 364 நாளும் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டாதே என்று மிரட்டப்படுகிற குழந்தைக்கு, அன்று ஒரு நாள் எல்லாக் கதவும் திறக்கும். பண்டிகையின் அந்தரங்கம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேயும் பூசணிக்காயும் மேல் அலங்காரம்.

கடைக்கும் ஓர் அந்தரங்கம் உண்டு. 1977-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஜார்ஜ் அட்கின்ஸன் என்பவர் சினிமாக் காஸட்டுகளை விலைக்கு வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். பணம் கொடுத்து வாங்கிய காஸட்டைப் பிறருக்கு வாடகைக்குக் கொடுப்பதை அந்நாட்டுச் சட்டப்படி படக் கம்பெனிக்காரர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் அப்போது பல படங்களின் காஸட் 50 டாலருக்கும் மேல் விற்றது. சின்னக் கடைக்காரன் ஒரு படத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாங்கி வைப்பான். ஹாலோவீன் அன்று நல்ல பேய்ப் படமெல்லாம் மத்தியானத்துக்குள் போய்விடும். மிச்சம் கிடப்பது யாரோ பேர் தெரியாத கம்பெனி மலிவாக எடுத்த படம். அதன் அட்டையில் மட்டும் கைதேர்ந்த ஓவியன் ஒருவன் ரத்தமும் கோரைப்பல்லுமாக வரைந்திருப்பான். பையன் அதை எடுத்து வருவான், படம் பயப்படுத்தாது, அட்டைதான் பயப்படுத்தும். மறுநாள் டேப்பைச் சுற்றி, ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காசு கொடுத்து ஒரு ராத்திரிக்கு வாங்கிய பயம். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

கிடைத்ததை என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி 2016-இல் வெளியிட ஆரம்பித்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொடர். அதன் இரண்டாம் பகுதி, 2017-இல் வந்தது, 1984-ஆம் வருஷத்து ஹாலோவீனைச் சுற்றி நடக்கிறது. நாலு பையன்கள் அவ்வருஷம் வெளிவந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். மூன்றாம் பகுதியின் முடிவில் இரண்டு பேர் வீடியோ கடையில் வேலை தேடிப் போகிறார்கள். சட்டை, சைக்கிள், சுவரில் ஒட்டிய படம், மேஜைமேல் டெலிபோன் எல்லாம் பிசகாமல் சரியாக இருக்கின்றன. ஆனால் இதைப் படைத்த டஃபர் சகோதரர்கள் இரட்டையர்கள்; பிறந்தது 1984 பிப்ரவரியில். அந்த ஹாலோவீனன்று அவர்களுக்கு எட்டு மாசம்!

எட்டு மாசக் குழந்தைக்கு ஹாலோவீன் ஞாபகம் இருக்காது. தான் பிறக்காத காலத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சரித்திர நாவல் எழுதுகிறவர்களெல்லாம் என்மேல் பாய்வார்கள். ஆனால் இவர்கள் எழுதியிருப்பது சரித்திரமும் அல்ல. 1984-ஐப் பற்றி எடுத்த படங்களைப் பின்னால் காஸட்டில் பார்த்த ஞாபகம் அது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு சாமானும் கடை அலமாரியில் முகம் தெரிய நிறுத்தி வைத்தது போல நிற்கிறது. நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஹாலோவீன் இரவில் வில் என்ற பையன் கையில் வீடியோ காமிராவோடு கூட்டத்திலிருந்து பின்தங்கிவிடுகிறான். பெரிய பையன்கள் சிலர் அவனைப் பயமுறுத்திக் கீழே விழ வைக்கிறார்கள். எழுந்து பார்த்தால் தெருவில் ஒருவரும் இல்லை. வானத்தில் வேறு எதுவோ நிற்கிறது. அந்த ஓரிடத்தில் தொடர் உயிர் பெற்றுவிடுகிறது. பிறகு அந்த எதுவோ ஒரு ராட்சஸனாகி, துரத்தலும் வெடியுமாகி, வழக்கமான ரஸ்தாவில் போய்விடுகிறது.

இந்தக் குற்றத்தை நானும் செய்தவன்தான். என் முதல் நாவலில் தாத்தா வீட்டுக் கூடத்தை நாலு பக்கம் வர்ணித்தேன். வெங்கலப் பானை, ஊஞ்சல் சங்கிலி, புகை படிந்த ரவிவர்மா படம் ஒன்று விடவில்லை. அதைப் படித்த ஒரு பெரியவர், "சாமான் ஜாபிதா பேஷாக இருக்கிறது, ஸார். அந்தக் கூடத்தில் யாராவது அழுதார்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே ஹாலோவீனை வேறு விதமாக ஞாபகம் வைத்திருந்தவர்களும் உண்டு. 1944-இல் வின்ஸென்ட் மினெல்லி எடுத்த 'மீட் மீ இன் ஸெயின்ட் லூயிஸ்' பாட்டும் பட்டுப் பாவாடையுமாக 1903-ஐ நினைத்து ஏங்குகிற படம். யுத்தத்தின் நடுவில் ஜனங்களை ஆற்றுவதற்கென்றே செய்தது. அதில் ஹாலோவீன் இரவு வருகிறது. தெருக் குழந்தைகள் நெருப்பு மூட்டி நிற்கிறார்கள். எல்லோரும் பயப்படுகிற ஒரு வீட்டுக்காரர்மேல் மாவை வீச ஒருவரும் துணியவில்லை. டூட்டி என்ற ஆறேழு வயதுப் பெண், நான் போகிறேன் என்று புறப்படுகிறாள். மார்கரெட் ஓ'பிரையன் என்ற குழந்தை நட்சத்திரம் அந்தப் பாகத்தில் நடித்தாள். காற்று, சருகு, நீளமான இருட்டுத் தெரு, அதில் பெரியவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தடுமாறி நடக்கிற பொடிக் குழந்தை. திரும்பிப் பார்த்தால் நெருப்பு எங்கேயோ தூரத்தில் தெரிகிறது. சிங்காரப் படம் ஒன்றில் இந்த ஐந்து நிமிஷம் எப்படி வந்தது என்று யோசித்தேன். மூலக் கதைகளை எழுதிய ஸாலி பென்ஸன் ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்த பெண். அந்தத் தெருவின் நீளம் அவளுக்குத் தெரியும்.

ரே பிராட்பரி எழுதிய 'தி ஹாலோவீன் ட்ரீ' 1972-இல் வந்தது. குழந்தைகளுக்கான சின்னப் புஸ்தகம். எட்டுப் பையன்கள் வேஷம் போட்டுக்கொண்டு தங்கள் தோழன் பிப்கினைக் கூப்பிடப் போகிறார்கள். அவனுக்கு வயிற்றுவலி, குடல்வால் நோய். அதிலிருந்து கதை எகிப்து, பாரிஸ், மெக்ஸிகோ என்று காலத்தையும் கடலையும் தாண்டுகிறது. இந்தச் சுற்றுப் பிரயாணத்தில் பாதியை வெட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பிராட்பரிக்கு உவமை கிடைத்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. ஆனால் முடிவைப் பாருங்கள். தோழனை மீட்க ஒவ்வொரு பையனும் தன் ஆயுளின் கடைசியிலிருந்து ஒரு வருஷத்தைக் கொடுக்கிறான். மிட்டாய் கேட்கப் போன குழந்தைகள் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இனி, காஸட் கடைகளிலெல்லாம் அக்டோபரில் முதலில் காணாமல் போன படத்துக்கு வருகிறேன். ஜான் கார்ப்பென்டர் 1978-இல் எடுத்த 'ஹாலோவீன்'. மூன்று லட்சம் டாலருக்குச் சற்று மேலே செலவு. வசூல் பல கோடி. வசந்த காலத்தில் கலிபோர்னியாவில் எடுத்ததால் காகித இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி மறுபடி தூவினார்களாம். கொலைகாரனின் முகமூடி, டெலிவிஷன் தொடர் ஒன்றின் கதாநாயகன் முகத்தை அச்செடுத்த மலிவு முகமூடிதான், வெள்ளை அடித்துவிட்டார்கள். இதெல்லாம் ரசிகர்கள் அலுக்காமல் சொல்கிற சமாசாரங்கள். அவர்கள் அவ்வளவாகச் சொல்லாத ஓரிடம் இருக்கிறது. லாரி என்ற பெண் கொலைகாரனிடமிருந்து தப்பி, கூச்சலிட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவை இடிக்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். விளக்கு அணைந்துவிடுகிறது. எல்லாக் கதவும் திறக்கிற இரவில் ஒரு கதவு திறக்கவில்லை. அவள் ஓடிப் போய் அடுத்த வீட்டில் கதறும்போது கதவைத் திறக்கிறவன், அவள் தூங்க வைத்துவிட்டு வந்த சின்னப் பையன்.

கத்தியை மறந்துவிடலாம், இந்த விளக்கை மறக்க முடிவதில்லை. இந்தப் படத்தைத் தழுவி வந்த எத்தனையோ படங்கள் முகமூடியை எடுத்துக்கொண்டன, கத்தியை எடுத்துக்கொண்டன. அந்த அணைந்த விளக்கை விட்டுவிட்டன.

கடையைப் பற்றி அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது ஒரு நாவல் அகப்பட்டது. ஜான் டார்னியெல் 2017-இல் வெளியிட்ட 'யூனிவர்ஸல் ஹார்வெஸ்டர்'. ஹாலோவீனைப் பற்றிய நாவல் அல்ல இது. ஆனால் வீடியோ கடையின் பயத்தைப் பற்றியது. அயோவா மாநிலத்தில் சோளக்கொல்லை சூழ்ந்த ஒரு சிற்றூர். காலம் 1990-களின் கடைசி. ஜெரெமி என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் காஸட் கடையில் வேலை பார்க்கிறான். காஸட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிற ஒருத்தி, படத்தின் நடுவில் வேறு ஏதோ இருக்கிறது என்கிறாள். போட்டுப் பார்த்தால் இருட்டுக் கொட்டகை, மூச்சுச் சத்தம், முகத்தை மூடிய உருவம். ஆரம்பம் அசல் பேய்க்கதை. மேலே போகப் போக, அது பேயும் அல்ல, கொலையும் அல்ல என்று தெரிகிறது. சின்ன வயசில் வீட்டை விட்டு ஒரு மதக் கூட்டத்தோடு போய்விட்ட தாயைத் தேடித் தேடி மனம் திரிந்துபோன ஒரு பெண்தான் அந்தத் துண்டுகளுக்குக் காரணம். கதையைச் சொல்லிவிட்டேனே என்று வாசகர் கோபிக்க வேண்டாம். முடிச்சு அவிழ்வதில் இந்த நாவலின் ருசி இல்லை.

குறைகள் இருக்கின்றன. நடுவில் கதை பின்னோக்கிப் போய்ப் பல பக்கம் தங்கிவிடுகிறது. இதை வேறு மாதிரியாகவும் சொல்வதுண்டு என்று ஆசிரியர் அடிக்கடி குறுக்கிடுவது ஒரு கட்டத்துக்குப் பின் சலிக்கிறது. பயந்து நடுங்கலாம் என்று வாங்கிய வாசகர்களில் சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். அட்டையைப் பார்த்துக் காஸட் எடுத்த பையனுக்கு ஆனது போலத்தான். ஆனால் கடை இங்கே பொருட்காட்சி ஆகவில்லை. அலமாரியில் என்னென்ன படம் இருந்தது என்று ஜாபிதா போட வாய்ப்பிருந்தும் ஆசிரியர் அதிகம் போடவில்லை. அந்தக் கடைக்கு ஜனங்கள் எதற்காக வந்தார்கள் என்பதைப் பார்க்கிறார்.

ஜெரெமியின் தாய் ஆறு வருஷத்துக்கு முன் கார் விபத்தில் இறந்தவள். வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும். இருவருக்கும் பேச ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பேச இருவருக்கும் முடியாது. அதனால் பையன் கடையிலிருந்து ஏதாவது ஒரு படம் எடுத்து வருகிறான். அப்பா படம் எப்படி என்று கேட்கிறார். பார்க்கலாம் என்கிறான். இருவரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வருகிறான்.