ஒளிர்வதெல்லாம் உயிரா?

வைக்கோல் எரியும் நாட்களில் பேராக்கின் கிரியான் மாவட்டத்துப் பாகான் செராய்க் காற்றை மூக்கே அடையாளம் சொல்லிவிடும். அதே காற்று நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சையின் வித்தைச் சுமந்து வரும்போது மூக்குக்கும் தெரிவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. கிரியான் வயல்களுக்கு லேசர் ஒளிர்வுக் கருவி காவல் நிற்குமா?

கருவி காற்றை உறிஞ்சி, துகள்களை ஒவ்வொன்றாக லேசரின் முன் ஓடவிடுகிறது. 355 நானோமீட்டர் புறஊதாக் கதிர் பட்டதும் உயிரணுவிலுள்ள என்.ஏ.டி.எச்., ரைபோஃபிளேவின் போன்றவை ஒளிரும். துகளின் அளவும் கூடவே கிடைக்கும்.

வேகம்தான் இதன் பலம். 1952இல் ஹர்ஸ்ட் உருவாக்கிய வித்துப்பொறியில் பசையில் ஒட்டியதை நுண்ணோக்கியில் எண்ணி முடிப்பதற்குள் நோய் அடுத்த வயலுக்குப் போயிருக்கும். குலைநோய் வித்து பெரும்பாலும் இரவில்தான் பறக்கிறது. லேசர் நடுநிசிச் செய்தியை நடுநிசியிலேயே சொல்லும். மலேசியக் காட்டிலும் இது வேலை செய்திருக்கிறது: 2008இல் சபாவின் டானும் பள்ளத்தாக்கில் இதே வகைக் கருவி (அதில் லேசருக்குப் பதில் செனான் விளக்கு) மர உச்சி விதானத்தின் மேலே இருப்பதைவிடக் கீழே ஒளிரும் துகள் அதிகம் என்று காட்டியது.

ஆனால் வைக்கோல் புகையிலும் டீசல் புகையிலும் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் ஒளிரும். 2015 புகைமூட்டத்தில் இந்தக் கருவியை இங்கே வைத்திருந்தால் எதை எதையெல்லாம் உயிர் என்று எண்ணியிருக்குமோ! மறுபக்கம், கருநிறமி மிக்க வித்துகள் மங்கலாகவே ஒளிர்ந்து கணக்கில் விடுபடும். சென்னை ஐஐடி குழு 2014 தென்மேற்குப் பருவமழையில் மூணாறில் அளந்தபோது, பெருந்துகள்களில் ஏறத்தாழ 2 சதவீதமே ஒளிர்ந்தன. அதைக் குறைந்தபட்சக் கணக்காகத்தான் படிக்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது, இதற்குப் பெயர் சொல்லத் தெரியாது என்பதே. என்.ஏ.டி.எச். எல்லா உயிரிலும் ஒன்றுதான். மகரந்தமா, பாக்டீரியாவா, பூஞ்சையா என்று ஓரளவு ஊகிக்கலாம். குலைநோய்ப் பூஞ்சையா, வைக்கோலை மக்கவைக்கும் சாதாரணப் பூஞ்சையா என்று பிரிக்க நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். போதாக்குறைக்கு, குலைநோய் வித்தின் நீளமே 20 மைக்ரோமீட்டரை ஒட்டியது. இத்தகைய கருவிகள் சிலவற்றின் மேல்வரம்பும் அதுதான்.

கிரியானுக்கு இது காவல் நாயாக வரட்டும். பக்கத்தில் பழைய வித்துப்பொறியும் இருக்கட்டும். நாய் குரைக்கும்போதெல்லாம் கம்பெடுக்க முடியாது. எண்ணிக்கை ஏறியது என்ற செய்தி கேட்டதும் மருந்து தெளிக்கக் கிளம்பாதீர்கள். வயலில் இறங்கி, இலையில் இருமுனையும் கூர்ந்த கண்வடிவப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.